வேடர் மொழிக்கு எந்த நிறம்?

ஓய்வு பெற்ற பிறகு என்னைத் தேடி வீட்டுக்கு வருபவர்கள் பெரும்பாலும் கலியாண அழைப்பிதழோடுதான் வருவார்கள். போன மாதம் ரினோஸா மடிக்கணினியோடு வந்தாள். நான் வேலை பார்த்த மொழி ஆய்வுப் பிரிவில் இப்போது வேலை பார்ப்பவள். பாமன்கடை வீட்டின் முன்னறையில் மின்விசிறியைப் பெரிதாக்கிவிட்டு உட்கார்ந்து, திரையை என் பக்கம் திருப்பினாள். கிளை கிளையாக ஒரு மரம். மொழிகளின் அடிப்படைச் சொற்களை ஊட்டிவிட்டால் கணினியே ஒப்பிட்டு, எந்த மொழி எதற்குச் சொந்தம் என்று பிரித்துக் காட்டுகிறதாம். அந்த மரத்தில் எங்கள் இலங்கையின் ஆதிக்குடிகளான வேடரின் மொழி ஒரு கிளை நுனியில் இருந்தது. அதே கிளையில், மத்திய இந்தியாவில் எந்தக் குடும்பத்திலும் சேராமல் தனித்து நிற்கும் ஒரு சிறு மொழி.

"மேல உள்ளவங்க இத அப்படியே புத்தகத்துல போடச் சொல்றாங்க, மிஸ். நம்பலாமா?" என்று கேட்டாள்.

என்னென்ன சொற்களை ஊட்டினார்கள் என்று கேட்டேன். தெரியாது என்றாள். முதலில் அதைத் தெரிந்துகொண்டு வா என்று அனுப்பினேன். கொஞ்ச நாளில் தொலைபேசியில் சொன்னாள்: சிங்களத்திலிருந்தும் தமிழிலிருந்தும் வேடர் கடன் வாங்கிய சொற்களை யாருமே விலக்கவில்லை. விலக்கிவிட்டு மறுபடி ஓடவிட்டால் வேடர் மொழி வேறு கிளைக்குத் தாவிவிடுகிறது. இன்னும் சில சொற்களை எடுத்தால் இன்னொரு கிளைக்கு. புத்தகத்தில் மரத்தைப் போடுவதை நிறுத்திவிட்டாள். ஆனால் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு வந்து நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று விடவில்லை. எனக்கு மேடையில் கதைக்க வராது. எழுதித் தருகிறேன் என்றேன். இது அதுதான்.

நான் வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். அப்பா துறைமுகத்தில் கிளார்க். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், யாழ்ப்பாணத்தார், மலையகத்தார், மலாய்க்காரர், செட்டிமார், சிங்களவர் எல்லோரும் இருந்தோம். தண்ணீர்க் குழாயடியில் ஐந்தாறு பேச்சுக் கேட்கும். பல்கலைக்கழகத்தில் மொழியியல் படிக்கப் போகிறேன் என்றபோது, அதைப் படித்து யாருக்கு என்ன வேலை என்று அம்மா கேட்டார். படித்தேன். மருதானைப் பக்கம் ஓர் அரச கட்டடத்தின் மூன்றாம் மாடியில் வேலையும் கிடைத்தது. ரயில் போகும்போது யன்னல் அதிரும். அவ்வளவுதான் என் பயிற்சிக் காலம். உண்மையான படிப்பு அந்த மாடியில் சேனாரத்ன மெடத்திடம்தான் தொடங்கியது.

மெடம் பிரிவின் தலைவி. குரலை உயர்த்தமாட்டார். பாராட்டவும் மாட்டார். கொண்டையில் ஒரு பென்சில் செருகியிருக்கும். நாம் எதையாவது கண்டுபிடித்த உற்சாகத்தில் போய்ச் சொன்னால், கடைசிவரை கேட்டுவிட்டுச் சிங்களத்தில் இரண்டே சொல் சொல்வார்: "ஒப்பு கரன்ன." நிரூபி. அதற்குப் பிறகு தன் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். அவமதிப்பு அல்ல அது. நீ நிரூபித்துக்கொண்டு வரும்வரை எனக்கு அவசரமில்லை என்பது மாதிரி ஒரு பொறுமை.

அவருடைய மேசையில் நான்கு பிஸ்கட் டின்கள். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனி அட்டையில் எழுதவேண்டும். கடன் வாங்கிய சொல் முதல் டின்னுக்கு. சப்பாத்து, அலுமாரி, யன்னல், கடுதாசி எல்லாம் போர்த்துக்கீசர் விட்டுப்போனவை. அவற்றில் பல சிங்களத்திலும் இருக்கின்றன. அதை வைத்துத் தமிழும் சிங்களமும் போர்த்துக்கீசமும் சகோதரிகள் என்று ஒருவர் சொன்னால் வெள்ளவத்தைச் சந்தையில்கூடச் சிரிப்பார்கள். ஆனால் நமக்குத் தெரியாத மொழியில் இதே தவறை நாம் கூசாமல் செய்வோம் என்பார் மெடம். குழந்தை வாயில் தானாக வரும் அம்மா, அப்பா வகையும், காகம் போல ஒலியைப் பார்த்து வைத்த பெயர்களும் இரண்டாம் டின்னுக்கு. எந்த மொழியிலும் தற்செயலாக ஒத்துப்போகக்கூடிய ஓரெழுத்து, ஈரெழுத்துச் சொற்கள் மூன்றாவதுக்கு. தமிழ் ஒன்று என்பதன் வேரான ஒன் என்பதும் ஆங்கிலத்தின் வன் (one) என்பதும் எவ்வளவு கிட்ட ஒலிக்கின்றன, இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இவ்வளவும் போக மிஞ்சியதுதான் நான்காவது டின். அதோடு மட்டும்தான் எங்கள் வழக்கு.

அந்த நான்காவது டின்னில் தேடவேண்டியது ஒற்றுமையை அல்ல, ஒழுங்கை. இதை நான் விளங்கிக்கொண்டது அநுராதபுரப் பக்கம் பாம்பாட்டிகளின் குடியிருப்பு ஒன்றுக்கு மெடத்தோடு போனபோது. அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். ஒரு பெண் பாய் போட்டு உட்காரவைத்து, நாங்கள் காட்டியதற்கெல்லாம் பெயர் சொன்னாள். கோழிக்குக் கோடி. ஏழுக்கு ஏடு. எங்கள் கூழுக்கு உறவான சொல் அவர்களுக்குக் கூடு, அதாவது சோறு. தமிழில் ழகரம் நின்ற இடத்தில் அங்கே டகரம், மறுபடி டகரம், மறுபடியும் அதே. கேட்கக் கேட்க எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு சொல் மற்றதைப் போல இருந்ததால் அல்ல. மாறிய இடத்திலும் ஒரே மாதிரி மாறியிருந்ததால். சொந்தம் என்றால் இதுதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் மெடம் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "இன்றைக்கு நிரூபிக்க வேண்டியதில்லை, அவர்களே நிரூபித்துவிட்டார்கள்" என்றார். அவர் வாயிலிருந்து பாராட்டுக்கு மிக நெருங்கி வந்தது அதுதான்.

இனி அந்தக் கடினமான வழக்கு.

நாட்டின் மொழிகளுக்கு ஒரு பெரிய படம் அச்சிட்டு எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் தொங்கவிடுவது என்று மேலிடத்தில் தீர்மானமானது. ஒவ்வொரு மொழிக் குடும்பத்துக்கும் ஒரு நிறம். சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று, மலாய்க்கு ஒன்று. மேற்பார்க்கக் குழு அமைத்தார்கள். குழுவின் தலைவர் கலாநிதி அருமைநாயகம். எனக்குப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்த சேர். வெள்ளவத்தையில் எங்கள் அப்போதைய வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தார். நல்ல மனிதர், வாசித்துக் களைக்காதவர். எல்லா மொழிக்கும் நிறம் கிடைத்தது. வேடர் மொழிக்கு மட்டும் கிடைக்கவில்லை.

கிடைக்காததற்குக் காரணம் உண்டு. உள்நாட்டு வேடரின் பேச்சு பெரும்பாலும் சிங்கள இலக்கணத்தின்மேல் நடக்கிறது. ஆனால் எங்கிருந்து வந்தன என்று தெரியாத சொற்கள் அதில் கிடக்கின்றன. கிழக்குக் கரையோர வேடர் வீட்டில் தமிழ்தான் பேசுகிறார்கள். சடங்கில் மட்டும் வேறொரு பேச்சு வரும். அதிலும் தமிழ் உண்டு, சிங்களம் உண்டு, இரண்டும் அல்லாததும் உண்டு. குழுவில் ஒருவர் சிங்கள நிறத்தைப் பூசச் சொன்னார். அருமைநாயகம் சேரிடம் வேறொரு முடிவு இருந்தது. வேடர் மொழி அந்தமான் தீவு மொழிகளின் தங்கை என்பது அவர் பல காலம் உழைத்துச் சேர்த்த கருத்து. சரிபார்க்கும் பொறுப்பை மெடம் என்னிடம் தந்தார்.

அந்த நாட்களில்தான் செல்லத்தங்கம் அலுவலகத்துக்கு வந்தாள். வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர் பெண். கொட்டாஞ்சேனையில் ஒரு தையல் கடையில் வேலை. படம் போடப்போகிறார்கள் என்று வானொலியில் கேட்டுவிட்டு, அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்திருந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"எங்கட பக்கத்து அரசாங்கக் கந்தோர்ல நீங்க தமிழ் பேசுறீங்க, அப்ப தமிழர்தானே எண்டு திருப்பி அனுப்புறாங்க. காட்டுக்குள்ள தேன் எடுக்கப் போறத்துக்கும் விடுறாங்க இல்ல. வேடர் எண்டு எழுதினாத்தான் விடுவாங்க. நீங்க எங்கட பாஷைய எங்க போடப் போறீங்க, மிஸ்?"

இன்னும் தெரியாது என்றேன். தெரிந்துகொள்ள என்ன வேண்டும் என்று கேட்டாள். பேச்சு வேண்டும் என்றேன். அடுத்த விடுமுறைக்கு என்னைத் தன் ஊருக்கே கூட்டிக்கொண்டு போனாள். அவளுடைய மாமா சடங்கு செய்யும் பூசாரி, கப்புறாளை என்பார்கள். சடங்கில்லாத நாளில் சாமியின் பேச்சைப் பேசலாமா என்று ஒரு பகல் முழுக்க யோசித்தார். செல்லத்தங்கம் பக்கத்தில் இருந்து, கந்தோர்க் கதையை மறுபடி மறுபடி எடுத்துச் சொன்னாள். கடைசியில் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு வந்து ஒலிப்பதிவுக் கருவிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

கொழும்புக்குத் திரும்பி ஒவ்வொரு சொல்லையும் அட்டையில் எழுதினேன். முதல் டின் நிரம்பியது. இரண்டாவதும் மூன்றாவதும் தங்கள் பங்கை எடுத்தன. நான்காவதில் மிஞ்சியது கைவிரல்களுக்குள் அடங்கும். உள்நாட்டு வேடரின் சொற்களையும் சேர்த்துப் பார்த்தேன், சற்றுக் கூடியது. பிறகு அருமைநாயகம் சேரின் கட்டுரையை எடுத்து வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன்.

இரண்டு இடத்தில் உறுத்தியது. அந்தமானில் இருப்பது ஒரு மொழிக் குடும்பம் அல்ல, இரண்டு. அவை ஒன்றுக்கொன்று சொந்தம் என்றே இன்னும் யாரும் நிறுவவில்லை. சேர் ஒரு சொல்லுக்கு இந்தக் குடும்பத்திலும் அடுத்த சொல்லுக்கு அந்தக் குடும்பத்திலும் கை வைத்திருந்தார், எது பொருந்தியதோ அது. இரண்டாவது, பொருளை நெகிழவிட்டிருந்தார். இங்கே தண்ணீர் என்றால் அங்கே மழை, இங்கே காடு என்றால் அங்கே விறகு. இப்படி இடம்கொடுத்தால் எந்த மொழியும் எதனோடும் ஒட்டும். இது என் சந்தேகம் மட்டும்தானா என்று அறிய, பசிபிக் தீவு மொழி ஒன்றின் அகராதியை நூலகத்தில் இரவல் எடுத்து, அதே நெகிழ்ச்சியோடு அதே சொற்களை ஒப்பிட்டேன். அந்தமானோடு எவ்வளவு பொருந்தியதோ அதற்குக் குறையாமல் இங்கேயும் பொருந்தியது. அந்தத் தீவுக்கும் வாகரைக்கும் இடையில் பாதி உலகம் கிடக்கிறது.

எனக்குச் சந்தோஷமாக இல்லை. என் ஆசிரியரின் பல வருட உழைப்பு என் மேசையில் கிடந்தது. அதைவிடச் செல்லத்தங்கம் என் கண்ணுக்குள் நின்றாள். அந்தமான் உறவு உண்மையென்றால், எல்லோருக்கும் முந்தி வந்தவர்கள் நாங்கள் என்று அந்தக் கந்தோரில் போய் நிமிர்ந்து சொல்வாள். ஒரு நிறத்தைப் பூசினால் போதும். யாருக்கும் நட்டமில்லை என்றுகூட ஒரு நாள் நினைத்துப் பார்த்தேன். மறுநாள் அந்த எண்ணத்தோடு மெடத்தின் அறைக்குப் போனேன். அவர் அந்த இரண்டு சொல்லைச் சொல்லவில்லை. அந்த உறவைக் காட்ட உனக்கு முடியுமா என்று மட்டும் கேட்டார். முடியாது என்றேன். அப்படியென்றால் அதையே எழுது என்றார்.

குழுக் கூட்டத்துக்கு முந்தின மாலை சேர் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கணவரோடு கிரிக்கெட் கதைத்தார், தேத்தண்ணி குடித்தார். போகும்போது வாசலில் நின்று, "பிள்ளை, இது என்ர கடைசி வேலை. நீர் கையெழுத்து வையும், மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் கஷ்டமாக இருந்தது.

"நான் பார்த்ததை நாளைக்குச் சொல்லுறன் சேர். நீங்கள் கேட்டுப்போட்டுச் சொல்லுங்கோ," என்றேன்.

அடுத்த நாள் சொன்னேன். அந்தமான் இரண்டு குடும்பங்கள் என்பதைச் சொன்னேன், பசிபிக் அகராதியின் ஒப்பீட்டை எல்லோர் முன்னாலும் பரப்பிவைத்தேன். சிங்கள நிறம் கேட்டவருக்கும் சொன்னேன்: இலக்கணத்தை இரவல் வாங்கியவர்களின் சொந்தப் பேச்சு அதற்கு முன் எதுவாக இருந்தது என்பது அந்த இலக்கணத்தில் இல்லை. இரண்டு பக்கமும் என்னைப் பிடிக்காமல் போயிற்று. சேர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அப்ப என்ன நிறம் பூசுறது?"

"பூச வேண்டாம், சேர். பேரைப் போட்டு வெறுமையா விடுங்கோ. கீழே, உறவு நிறுவப்படவில்லை எண்டு எழுதுங்கோ."

"வெறுமையா விட்டா நாங்கள் வேலை செய்யேல்லை எண்டு நினைப்பினம். அதுக்குப் பதிலாப் பேரையே எடுத்துவிடலாம்."

அதுதான் நான் பயந்த இடம். நிறமும் இல்லாமல் பெயரும் இல்லாமல் போனால் செல்லத்தங்கத்துக்குச் சுவரில் ஒரு கட்டம்கூட மிஞ்சாது. அதனால் சொன்னேன்.

"பேர் இல்லாட்டி நான் கையெழுத்து வைக்கமாட்டன். நிறம் பூசினாலும் வைக்கமாட்டன். எங்களுக்குத் தெரியாது எண்டு பிள்ளையளுக்குத் தெரியட்டும், சேர். அவையளில ஒருத்தர் பிறகு கண்டுபிடிப்பினம்."

மெடம் கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்து மேசையில் வைத்தார். என் பிரிவில் ஒப்பிடும் வேலை இவருடையது, இவர் கையெழுத்து வைக்காத தாளில் நானும் வைக்கமாட்டேன் என்று சிங்களத்தில் அமைதியாகச் சொன்னார். எங்கள் பிரிவின் கையெழுத்து இல்லாமல் படம் அச்சுக்குப் போகமுடியாது. கூட்டம் அத்தோடு கலைந்தது.

படம் பிந்தியது. கடைசியில் வெறுமையான கட்டத்தோடும் பெயரோடும் அடிக்குறிப்போடும் வந்தது. மெடம் அதற்குப் பிறகு கொஞ்ச காலத்தில் ஓய்வு பெற்றார். என்னைப் பெயர்ப்பலகைப் பகுதிக்கு மாற்றினார்கள். அரச கட்டடங்களின் பலகைகளில் தமிழ்ப் பிழை திருத்துவது வேலை. பல வருடம் செய்தேன். தெமட்டகொடையிலிருந்து கிருலப்பனை வரைக்கும் எத்தனை பலகைகளில் கால் போட்டேன், கொம்பு போட்டேன் என்று எனக்கே தெரியாது. தண்டனை என்று கொடுத்ததைத் திருத்தமாகச் செய்வது என்று வைராக்கியம். மத்தியான இடைவேளையில் ஆய்வுப் பிரிவுக்கு ஏறிப்போய் என் அட்டைகளைப் பார்ப்பேன். யாரும் தடுக்கவில்லை. சேர் கடைசிவரை என்னோடு கதைக்கவில்லை. காலி வீதியில் எதிர்ப்பட்டால் நான் வணக்கம் சொல்வேன். அவர் தலையை அசைப்பார். அவ்வளவுதான்.

படத்தைச் செல்லத்தங்கத்திடம் நானே கொண்டுபோய்க் காட்டினேன். தையல் மெஷினை நிறுத்தாமல் பார்த்தாள்.

"எங்களுக்கு எதிரா எழுதிப் போட்டீங்க, மிஸ்."

என் அறிக்கையின் இரண்டாம் பகுதியை வாசி என்று அவள் கையில் கொடுத்தேன். அதில் எழுதியிருந்தது இதுதான்: ஒரு மக்கள் யார் என்பதை அவர்களுடைய மொழி எந்தக் குடும்பம் என்பது தீர்மானிக்காது. கொட்டாஞ்சேனைச் செட்டிமாரில் பலர் வீட்டில் இன்று ஆங்கிலமோ சிங்களமோ பேசுகிறார்கள். அதனால் அவர்கள் செட்டிமார் அல்லாமல் போகவில்லை. கரையோர வேடர் தமிழ் பேசுகிறார்கள், சடங்கில் தங்களுடையது என்று ஒரு பேச்சை வைத்திருக்கிறார்கள். அது எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியாது. அது அவர்களுடையது என்பது தெரியும். அவள் மடித்து மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தாள். போய்விட்டு வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

நீண்ட காலத்துக்குப் பிறகு, அவர்கள் ஊர் வேடர் ஊர்தானா என்று ஒரு விசாரணை வந்தது. கந்தோர்க்காரர் நன்றாகத் தயாராகியிருந்தார்களாம். அந்தமான் உறவு பொய் என்று யாரோ எழுதிய கட்டுரையைக் கொண்டுவந்து, அதனால் உங்கள் பாஷை என்பதே கற்பனை என்றார்கள். செல்லத்தங்கம் எழுந்து, நாங்கள் அப்படி எங்கேயும் சொல்லவில்லையே என்று கேட்டிருக்கிறாள். பிறகு என் இரண்டாம் பகுதியை அவர்களுக்கு முன்னால் வாசித்திருக்கிறாள். அவளுடைய ஊரை வேடர் ஊர் என்று பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள். பக்கத்து ஊர்களுடைய வழக்கு இன்னும் இழுபடுகிறது.

இதைச் சொல்ல அவள் பாமன்கடைக்கு வந்தாள். தலை நரைத்திருந்தது. நான் அப்போது ஓய்வு பெற்றிருந்தேன். முதல் வேலையாக, மற்ற ஊர்களிலும் பேச்சைப் பதிய வேண்டும், வருவீர்களா என்று கேட்டாள். வந்தால் இந்த முறை எந்தக் குடும்பம் என்று கண்டுபிடிக்கலாமோ என்று நான் யோசிக்கத் தொடங்கியது அவளுக்கு என் முகத்திலேயே தெரிந்துவிட்டது போல.

"சொந்தம் தேடுறது பிறகு, மிஸ். முதல்ல இரிக்கிறத எழுதுவம்."

போனோம். இப்போதும் போகிறோம். மட்டக்களப்பு பஸ்ஸில் என் முழங்கால் என்னைத் திட்டும், ஆனாலும் போகிறேன். போன தடவை ஒரு வீட்டு முற்றத்தில், மிக வயதான ஒரு பெண்ணிடம் சடங்குச் சொற்களைக் கேட்டுக்கொண்டிருந்தோம். நினைவு வரவில்லை என்று எங்களுக்காக வருத்தப்பட்டார். கருவி ஓடிக்கொண்டிருந்தது. அப்போது ஒரு நாய் அடுப்படிக்குள் நுழைந்து பானையில் மூக்கை வைத்தது. அந்த அம்மா திரும்பி அதை அதட்டினார்.

நானும் செல்லத்தங்கமும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவர் அதட்டிச் சொன்னது மந்திரம் அல்ல, பாட்டு அல்ல. முழு வாக்கியம். வினையின் கடைசி தமிழ். அதன் வேர் எனக்குத் தெரிந்த எந்த மொழியிலும் இல்லை. அந்த அம்மாவுக்கோ அது ஒரு விசேஷமும் இல்லாத பேச்சு, நாயிடம் எப்போதும் சொல்வது. அந்தச் சொல்லை நான் இங்கே எழுதவில்லை. முதலில் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று செல்லத்தங்கம் கேட்டிருக்கிறாள். நாய் போய்விட்டது. அந்த அம்மா எங்கள் பக்கம் திரும்பி, என்ன கேட்டீர்கள் என்றார். செல்லத்தங்கம் கருவியைக் கொஞ்சம் கிட்ட நகர்த்தி வைத்தாள்.

"ஒண்டுமில்ல ஆச்சி. நாயோட இன்னும் என்னென்ன பேசுவீங்க?" என்று கேட்டாள்.